304 தகட்டில் கிரெய்னைப் பொடிசாக்கும் வழி

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகுகளுக்குக் கொக்கி, தகடு செய்து தருகிறேன். சாதா இரும்பைச் சூடேற்றி ஆறவிட்டாலே கிரெய்ன், அதாவது உலோகத்துக்குள் இருக்கும் மணி மணியான படிகங்கள், பொடிசாகும். 304 எஸ்.எஸ்.ஸுக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) அந்தக் கணக்கு எடுபடாது. சூட்டில் அதன் உள்ளமைப்பு மாறுவதில்லை, ஆஸ்டெனைட் என்ற ஒரே படிக அமைப்பாகவே நிற்கும். வெறும் சூடு கிரெய்னைப் பெருக்கத்தான் செய்யும்.

அதனால் முதலில் பச்சையாகவே, அதாவது சூடேற்றாமலே, நசுக்குங்கள். 6 மி.மீ. தகட்டை ரோலரில் கொஞ்சம் கொஞ்சமாக 3 மி.மீ.க்கு இறக்குவேன். முன்பு ஒட்டாத காந்தம் இப்போது லேசாகப் பிடிக்கும். உள்ளே நன்றாக நசுங்கியதற்கு அதுவே அடையாளம்.

பிறகு உலையை 1050 டிகிரி செல்சியஸில் நிறுத்துங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், தெர்மோகப்பிள் (உலைச் சூட்டை அளக்கும் கருவி) கட்டாயம். நசுங்கிய இடங்களில் புதுக் கிரெய்ன் முளைக்கும். தகடு முழுக்கச் சூடேறிய பின் சில நிமிடம் போதும். அதிகம் வைத்தால் புதுக் கிரெய்னும் கொழுத்துவிடும்.

எடுத்த கையோடு நல்ல தண்ணீரில் முக்குங்கள். ஒருமுறை மணலில் ஆறவிட்டேன். 850 முதல் 450 டிகிரி வரை மெதுவாக இறங்கினால் கிரெய்ன் ஓரங்களில், துருவைத் தடுக்கும் குரோமியம் கார்பனோடு சேர்ந்து கார்பைடாகப் போய்விடும். பாம்பன் உப்புக்காற்றில் அந்தக் கொக்கி ஓரம் ஓரமாக அரித்து வந்தது, பார்க்கவே மனசு கஷ்டப்பட்டது.

சூட்டில் மேலே படிந்த கருந்தோலைத் தேய்த்து எடுக்க எஸ்.எஸ். பிரஷ்தான், இரும்பு பிரஷ் பட்டால் துரு ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக ஒரு துண்டை மடக்கி, வளைவின் வெளிப்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரத்தால் கிரெய்ன் இன்னும் பெரிசு. வழவழப்பாக இருந்தால் வேலை சரி.