பாஸ்வேர்ட் மறந்தால் முதலில் கைவைக்கக் கூடாத இடங்கள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் பெரியப்பாவுக்கு மகள் ஒரு புது லப்டொப் அனுப்பியிருந்தார். அதில் ஜீமெயிலைத் திறக்கப் போனபோதுதான் பாஸ்வேர்ட் நினைவில் இல்லை என்று தெரிந்தது. அவருடைய போனில் அதே ஜீமெயில் வழக்கம்போல் திறந்திருந்தது. பேத்தியின் டப்லெட்டிலும் இருந்தது. அந்த நேரம் போனைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்திருந்தால் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். "போனில ஒருக்கா சைன் அவுட் பண்ணிட்டுத் திரும்ப உள்ள போங்கோ, சரிவரும்" என்று ஒருவர் சொல்ல, அப்படியே செய்தோம். திரும்ப உள்ளே போக முடியவில்லை. அடுத்த நாள் போனை ஒரு கடையில் கொடுத்தோம். அங்கே அதை முழுதாக ரீசெற் செய்து தந்தார்கள். திறந்ததும் மறந்துபோன அதே கணக்கின் பாஸ்வேர்டைத்தான் போன் கேட்டது. பாதுகாப்புக்கு நல்லது என்று நினைத்து டப்லெட்டில் இருந்த கணக்கையும் நாங்களே அகற்றினோம். மூன்று நாளில் எல்லாக் கதவும் அடைபட்டுவிட்டது. அந்தக் கணக்கில் பெரியம்மாவின் கடைசிக் காலப் படங்கள் இருந்தன.

கணக்கு கடைசியில் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நாங்கள் எங்கெங்கே பிழைவிட்டோம் என்று எழுதுகிறேன். இதே பிழைகளை அயலில் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

திறந்திருக்கும் கருவியை மூடுவது

பிரதேச செயலகத்துக்குப் போனால் அடையாள அட்டையைக் காட்டலாம். தேவையென்றால் கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். இலவச ஜீமெயில் கணக்குக்கு அப்படிப் போய் நிற்க ஒரு கந்தோர் இல்லை. நீங்கள்தான் உரிமையாளர் என்று கூகுள் நம்புவதற்குச் சில தடயங்கள்தான் உதவும்: வழக்கமாக எந்தப் போன், எந்த பிரவுசர், எந்த இடம், முன்பு வைத்திருந்த பாஸ்வேர்ட் எது, மீட்புக்குக் கொடுத்த தொலைபேசி இலக்கம் எது. இவற்றில் மிகப் பலமான சாட்சி, கணக்கு இன்னும் திறந்திருக்கும் ஒரு கருவி. சைன் அவுட் செய்யும்போது அந்தச் சாட்சியை நாமே வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறோம்.

ஆகவே பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று தெரிந்த உடனே வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எந்தப் போனிலும், லப்டொப்பிலும், டப்லெட்டிலும் இந்தக் கணக்கை யாரும் அகற்ற வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து எதில் இன்னும் திறந்திருக்கிறது என்று பாருங்கள். அன்ட்ரொயிட் போனில் திறந்திருந்தால் செற்றிங்ஸுக்குள் கூகுள் என்ற பகுதிக்குப் போய், கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தில் பாதுகாப்பு என்பதைத் திறந்து, பாஸ்வேர்ட் என்பதைத் தொடுங்கள். பழைய பாஸ்வேர்டைக் கேட்கும். அதன் கீழே "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா" என்பதைத் தொட்டால், பல வேளைகளில் போனைத் திறக்கும் பின் இலக்கமோ கைரேகையோ போதும் என்று அனுமதிக்கும். புதிய பாஸ்வேர்டை அங்கேயே வைத்துவிடலாம்.

அதற்கும் முன்னே பார்க்க வேண்டிய இன்னோர் இடம் இருக்கிறது. பாஸ்வேர்ட் உங்களுக்கு மறந்திருந்தாலும் கருவிக்கு நினைவிருக்கலாம். கொம்பியூட்டரில் குரோம் பாவிப்பவர்கள் அதன் செற்றிங்ஸில் சேமித்த பாஸ்வேர்ட்கள் இருக்கும் பகுதியைத் திறந்து பாருங்கள். ஐபோனிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. 2024இல் வந்த ஐஓஎஸ் 18இல் இருந்து பாஸ்வேர்ட்ஸ் என்று அதற்குத் தனிச் செயலியே உண்டு. "சேமிக்கவா" என்று எப்போதோ கேட்டதற்கு ஆம் என்று அழுத்தியதை நாம் மறந்திருப்போம்.

போனை ரீசெற் செய்வது

எங்கள் வீட்டில் நடந்தவற்றில் இதுதான் மிகப் பெரிய கரைச்சல். போன் பழுதானால் ரீசெற் செய்வது சரிதான், ஆனால் மறந்த பாஸ்வேர்டுக்கு அது மருந்தே இல்லை. 2015இல் வந்த அன்ட்ரொயிட் 5.1இல் இருந்து, திருடியவர் போனை அழித்துவிட்டுப் பாவிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். போனை அதன் செற்றிங்ஸுக்குள் போகாமல் வெளியிலிருந்து ரீசெற் செய்தால், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கையோ பழைய திரைப் பூட்டையோ கேட்டுவிட்டுத்தான் விடும். ஐபோனிலும் 2013இல் இருந்து இதேபோன்ற பூட்டு உண்டு. மறந்த பாஸ்வேர்டுக்காக ரீசெற் செய்தால் ஈமெயிலோடு போனும் கைவிட்டுப் போகும். அன்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப் பழைய செய்திகளின் சேமிப்பும் அதே கூகுள் கணக்கில்தான் கிடக்கிறது, அதுவும் சேர்ந்து போகும்.

கடைக்காரரிடம் போனைக் கொடுக்கும்போது "ரீசெற் பண்ண வேண்டாம், கணக்கை அகற்ற வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அவர் தனக்குத் தெரிந்த வழியைத்தான் செய்வார்.

கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பது

நம் ஆட்களின் பாஸ்வேர்ட் பெரும்பாலும் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதியதாகவே இருக்கும். ஊர்ப் பெயர், கோயில், பிள்ளையின் பெயர், அதோடு பிறந்த ஆண்டு. சொல் மறப்பதில்லை, எழுத்துக்கூட்டல்தான் மறக்கிறது. நல்லூர் என்பதை ஒரு யூ போட்டும் எழுதலாம், இரண்டு ஓ போட்டும் எழுதலாம். சுன்னாகத்தைத் தொடங்கும் எழுத்து எஸ்ஸா, சி எச்சா? முதல் எழுத்துப் பெரியதா சிறியதா? கடைசியில் ஒரு குறியீடு இருந்ததா? மனதில் வந்ததையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டே போனால், கொஞ்ச நேரத்தில் "பல தடவை முயன்றுவிட்டீர்கள்" என்று நிறுத்திவிடும்.

ஒரு கொப்பியை எடுத்து, நினைவுக்கு வரும் வடிவங்களையெல்லாம் முதலில் எழுதுங்கள். அப்பா, அம்மா, அண்ணா எல்லோரையும் கேளுங்கள். கணக்கைத் திறந்து கொடுத்தவர் வேறு ஒருவரென்றால் அவரிடமும் கேளுங்கள். அதில் நம்பிக்கையானவற்றை மட்டும் போட்டுப் பாருங்கள். சரியானது கிடைக்காவிட்டாலும் அந்தப் பட்டியல் வீண்போகாது. "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா" என்பதைத் தொட்டால் வரும் மீட்புப் பக்கத்தில் கூகுள் "நினைவில் உள்ள கடைசி பாஸ்வேர்ட்" என்று கேட்கும் வேளைகள் உண்டு. அங்கே பழைய பாஸ்வேர்ட் ஒன்றைச் சரியாகப் போடுவது பெரிய உதவி. தெரியாது என்று தாண்டிப் போவதைவிட, உறுதியில்லாவிட்டாலும் மிக நெருங்கிய ஒன்றை எழுதுவதே நல்லது.

ஊர் மாறி முயல்வது

பெரியப்பாவின் கணக்கை மீட்கப் போய், கனடாவில் இருக்கும் அண்ணா அங்கேயிருந்தும் நாங்கள் இங்கேயிருந்தும் ஒரே இரவில் முயன்றோம். அவர் உதவி செய்யத்தான் நினைத்தார். கூகுள் பக்கமிருந்து பார்த்தால், கோண்டாவிலில் வாழும் ஒருவரின் கணக்கை ரொறன்ரோவில் அறிமுகமில்லாத ஒரு கொம்பியூட்டர் தட்டுகிறது. கள்ளன் செய்வதும் அதேதான். கொழும்புக்குப் போகும் யாழ்தேவியில் இருந்துகொண்டு போன் டேற்றாவில் முயல்வதும், இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டுக்கொண்டு முயல்வதும், கொமினிகேசன் கடையில் போய் முயல்வதும் இந்த வகைதான். வழக்கமாகப் பாவிக்கும் இடத்தில், வழக்கமான வைபையில், வழக்கமான பிரவுசரில் இருந்து முயலும்படி கூகுளே சொல்கிறது.

எங்களுக்குக் கதவு திறந்ததும் இப்படித்தான். அலுமாரியின் அடித்தட்டில் பெரியப்பாவின் பழைய லப்டொப் கிடந்தது. பற்றரி செத்துப்போய், சார்ஜரைச் செருகினால் மட்டும் இயங்கும். கணக்கு அதிலும் திறந்திருக்கவில்லை. ஆனால் அவர் பல வருடமாக அதே வீட்டில், அதே வைபையில், அதே குரோமில் இருந்துதான் ஈமெயில் பார்த்தவர். அங்கேயிருந்து மீட்புப் பக்கத்துக்குப் போய், கொப்பியில் இருந்த பழைய பாஸ்வேர்ட் ஒன்றைப் போட்டதும், அதுவரை கேட்காத கேள்விகளை அது கேட்கத் தொடங்கியது. இப்போது பார்க்கக்கூடிய வேறு ஈமெயில் ஒன்றைத் தரச் சொன்னது. சிலர் இந்த இடத்தில் பூட்டப்பட்ட முகவரியையே திரும்ப எழுதிவிடுகிறார்கள். நீங்கள் உடனே திறந்து பார்க்கக்கூடிய ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும், அதில் ஸ்பாம் பகுதியையும் பார்க்க வேண்டும். பிறகு, உறுதிப்படுத்தக் கொஞ்சம் காலம் தேவை என்று சொல்லிவிட்டது. இந்தக் காத்திருப்பு சில மணித்தியாலமாகவும் இருக்கலாம், சில நாளாகவும் இருக்கலாம். அந்த நாட்களில் திரும்பத் திரும்ப விண்ணப்பிக்க எங்களுக்கும் கை துறுதுறுத்தது. பொறுத்திருந்தோம். மீட்புக்கான இணைப்பு வந்தது.

மைக்ரோசொப்ட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: பழைய பாதுகாப்பு விபரங்கள் எதுவும் கையில் இல்லை என்று எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அந்தப் பொத்தானை அழுத்தாமல், முதலில் பழைய இலக்கத்தையும் ஈமெயிலையும் தேடிப் பாருங்கள்.

மீட்பு இலக்கம் கடல் கடந்து இருப்பது

யாழ்ப்பாணத்து வீடுகளில் இதைத்தான் அதிகம் காண்கிறேன். அம்மாவின் கணக்கை லண்டன் தம்பி விடுமுறையில் வந்தபோது திறந்து கொடுத்திருப்பார், மீட்புக்குத் தன் இலக்கத்தையே போட்டிருப்பார். நாலு வருடத்தில் அந்த இலக்கத்தை அவர் மாற்றியும் இருப்பார். இலக்கம் இன்னும் இருந்தால், உறுதிப்படுத்தும் குறியீட்டை அதற்கு அனுப்பும்படி கூகுளிடம் சொல்வதற்கு முன் அவரைத் தொலைபேசியில் பிடித்துக்கொள்ளுங்கள். குறியீடு கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லும். எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். இங்கே காலை பத்து மணிக்கு முயன்றால் அங்கே நடுச்சாமம்.

உள்ளூர் இலக்கமும் தொலையலாம். ரீலோட் போடாமல் நீண்டகாலம் விட்ட சிம் செயலிழந்து, அந்த இலக்கம் பிறகு வேறொருவருக்குப் போகக்கூடும். சிம் தொலைந்ததென்றால் தாமதிக்காமல் அடையாள அட்டையோடு அந்த நிறுவனத்தின் கிளைக்குப் போய், அதே இலக்கத்துக்குப் புது சிம் கேளுங்கள். சிம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வெளிநாடு போய்விட்ட ஒருவரின் பெயரில் இருந்தால் அவர் இல்லாமல் மாற்றி எடுப்பது கஷ்டம்.

இரண்டு கருவியில் ஒரே நேரம் முயல்வது

போனில் ஒருவர், லப்டொப்பில் ஒருவர் என்று சேர்ந்து முயன்றால் குறியீடுகள் மாறி மாறி வந்து எது எதற்கென்று தெரியாமல் போகும். ஒரே கருவியில், ஒருவர் மட்டும் செய்ய வேண்டும். ஒன்றுக்கு மேல் குறியீடு வந்திருந்தால் கடைசியாக வந்ததைப் போடுங்கள். கணக்கு திறந்திருக்கும் மற்றப் போனில் "உள்ளே வர முயல்வது நீங்கள்தானா" என்று கேட்டு ஓர் அறிவிப்பு வரலாம். அந்தப் போன் ரியூசனுக்குப் போன பிள்ளையின் கையில் இருந்தால் இல்லை என்று அழுத்திவிடும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீங்கள் எதுவும் முயலாத நேரத்தில் அப்படி வந்தால் இல்லை என்பதைத்தான் அழுத்த வேண்டும், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்ட் மாறிய பிறகு பல கருவிகளில் கணக்கு தானாக வெளியேறிவிடும். அது பழுதல்ல. அங்கே பழைய பாஸ்வேர்டை அடித்துவிட்டு, "திரும்பவும் பிழைக்கிறது" என்று இன்னொரு தடவை மாற்றப் போகிறார்கள். பிறகு மூன்று பாஸ்வேர்டில் எது உண்மையானது என்று யாருக்கும் தெரியாது. புதியதைத் தாளில் எழுதி, ஒவ்வொரு கருவியிலும் அதையே போடுங்கள். ஏதாவது போனை முழுதாக ரீசெற் செய்யும் எண்ணம் இருந்தால், பாஸ்வேர்ட் மாற்றி 24 மணித்தியாலம் போகட்டும்.

காசு கேட்டு மீட்டுத் தருவதாகச் சொல்பவர்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கூகுள் யாரையும் தொலைபேசியில் அழைத்துக் குறியீடு கேட்பதில்லை. குறியீட்டை வட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பினால் கணக்கை அவர் கையில் கொடுத்தது போலத்தான்.

புதுக் கணக்கு திறந்துவிட்டுப் பழையதை மறப்பதும் வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்கு ஒன்லைனில் விண்ணப்பித்த பிள்ளை என்றால் அங்கே கொடுத்தது பழைய முகவரி. வங்கியிலும் பேஸ்புக்கிலும் அதுதான் கிடக்கும். இரண்டு வருடம் யாரும் உள்ளே போகாத கணக்குகளை 2023 டிசம்பரில் இருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிருக்கிறது. மீட்கிறதென்றால் இப்போதே முயல வேண்டும்.

உள்ளே போனதும் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இரண்டு. பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரட்டைப் பாதுகாப்பைப் போட்டுக்கொண்டால் 8 இலக்கம் கொண்ட 10 காப்புக் குறியீடுகளை கூகுள் தரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். அவற்றைத் தாளில் எழுதி, காணி உறுதி வைக்கும் இடத்தில் வையுங்கள். மற்றது மீட்பு இலக்கம். அதை மாற்றினாலும் முதல் 7 நாளுக்குக் குறியீடு பழைய இலக்கத்துக்குப் போகக்கூடும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் எத்தனையோ வீடுகளுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அவர்கள் வந்த முதல் வாரத்திலேயே அம்மா அப்பாவின் கணக்கைத் திறந்து, இங்கே கையில் இருக்கும் இலக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்த 7 நாளும் அவர்கள் வீட்டில் இருக்கும்போதே கழிந்துவிடும்.