சான் ஆண்ட்ரியாஸ் நிலநடுக்கக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் பார்க்ஃபீல்டு என்றொரு குட்டி ஊர். 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று அங்கே ஏறக்குறைய 6 அளவில் நிலநடுக்கங்கள் வந்தன. இடைவெளிகளை எழுதிப் பாருங்கள்: 24, 20, 21, 12, 32. சராசரி ஏறத்தாழ 22 ஆண்டு. யாருக்குத்தான் ஆசை வராது? 1993க்குள் அடுத்தது வந்துவிடும், வாய்ப்பு 95 சதவீதம் என்று 1985இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை சொன்னது. கருவிகளை நட்டுவைத்துக் காத்திருந்தார்கள். வந்ததோ 2004 செப்டம்பர் 28இல், 38 ஆண்டு கழித்து!

கையில் இருந்ததே ஐந்து இடைவெளிகள். அதிலும் அந்த 12ஐயும் 32ஐயும் பாருங்கள். 1944இல் வரவேண்டியது பத்தாண்டு முந்திக்கொண்டது என்று வைத்துக்கொண்டால் இரண்டுமே 22 ஆகிவிடும். கணித்தவர்களும் 1934ஐ அப்படித்தான் விதிவிலக்காக எடுத்துக்கொண்டார்கள். ஒத்துவராததை ஒதுக்கினால் மிச்சம் ஒழுங்காகத்தான் தெரியும்.

அப்புறம், 'நிலநடுக்கம் கூடிக்கொண்டே போகிறது' என்ற பேச்சு. தெற்கு கலிபோர்னியாவின் 2008–2017 பதிவுகளைக் கணினி கொண்டு மறுபடி சலித்தபோது சுமார் 18 லட்சம் அதிர்வுகள் கிடைத்தன, பழைய பட்டியலைப்போல் பத்து மடங்கு. தரை கூடுதலாக ஆடவில்லை, நம் காது கூர்மையாயிற்று, அவ்வளவுதான். எந்த அளவுக்கு மேல் ஒன்றுகூடத் தவறவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமோ, அதற்கு மேல் உள்ளதை மட்டும் எண்ண வேண்டும். அந்த எல்லை 1930களில் ஒன்று, இன்று வேறொன்று.

பின்னதிர்வுகளைத் தனித்தனி நிகழ்வாக எண்ணுவதும் தவறுதான். ஒரு பெரிய அதிர்வு தன் பின்னால் ஆயிரக்கணக்கில் இழுத்து வரும். நாள் போகப்போக அவை குறையும் விதத்தை ஜப்பானின் நிலநடுக்க ஆய்வாளர் ஓமோரி 1894லேயே சொல்லிவிட்டார்.

எனக்கு எரிச்சலூட்டுவது, 'சின்னச் சின்னதாக ஆடினால் அழுத்தம் இறங்கிவிடும், நல்லதுதான்' என்ற ஆறுதல். சரி, கணக்குப் போடலாம். அளவில் ஒரு படி இறங்கினால் எண்ணிக்கை சுமார் பத்து மடங்கு கூடும், ஆற்றலோ 32 மடங்கு குறையும். 1906இல் சான் பிரான்சிஸ்கோவைக் குலைத்தது சுமார் 7.9. அதற்கு ஈடுகட்ட, மூன்று படி கீழே உள்ள 4.9 அளவில் முப்பதாயிரத்துக்கு மேல் வேண்டும். இந்த விகிதப்படி வருவதோ ஆயிரம்தான்.