ஜெர்மன் ரீஸ்லிங்: இனிப்பைப் புட்டியிலேயே கண்டறிவது எப்படி?

ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங் திராட்சையிலிருந்து இனிப்பே தெரியாத ஒயினும், தேன்போல் இனிக்கும் ஒயினும் கிடைப்பதால், வாங்கும் முன் லேபிளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். முதலில் இனிப்பற்ற ஒயினைக் குறிக்கும் 'ட்ரோக்கன்' என்ற ஜெர்மன் சொல்லைத் தேடுங்கள். அது இருந்தால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரைதான் எஞ்சியிருக்கும். இல்லையெனில், பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவதால், 8 சதவீதம் என்றிருந்தால் மாறாத சர்க்கரை நிறைய மிஞ்சியிருக்கிறது என்றும், 12 சதவீதம் என்றிருந்தால் இனிப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது என்றும் கொள்ளலாம். லேபிளில் காணும் 'காபினெட்', 'ஷ்பேட்லேசே' என்ற தரப் பெயர்கள் பறித்தபோது பழத்தில் இருந்த சர்க்கரையைக் குறிக்கின்றனவே தவிர, ஒயினின் இனிப்பை அல்ல. பலரும் தடுமாறுவது இங்கேதான். இனிப்பான ரீஸ்லிங்கை நன்கு குளிரவைத்து ஊற்றுங்கள்: அதன் கூரிய புளிப்பு இனிப்பைத் திகட்டவிடாமல் தாங்கிப் பிடிக்கும் அழகு, என் கணிப்பில், வேறெந்த வெள்ளைத் திராட்சைக்கும் இவ்வளவு வாய்க்கவில்லை.