கேமல் மாடலில் தொய்ந்த கம்பிகள்: ஊதுபத்தியால் சரிசெய்த விதம்

1917இல் போர்முனைக்கு வந்த சோப்வித் கேமல் என்ற இரட்டை இறக்கைப் போர் விமானத்தின் 1/48 அளவு மாடல். இறக்கைகளுக்கு நடுவே போகும் கம்பிகளுக்கு 0.1 மி.மீ. நைலான் நூல் கட்டியிருந்தேன். பங்குனியில் விறைப்பாக நின்றவை, ஐப்பசி மழை தொடங்கியதும் துணிக்கொடி போலத் தொய்ந்துவிட்டன. நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீளும். சென்னைக்கு அது ஒத்துவராது.

பழைய நூலை இழுக்காமல் பிளேடால் நறுக்குங்கள். இழுத்தால் இறக்கைத் தூண் பெயர்ந்துவிடும்.

மாற்று, மாடல் கிட் பெட்டியிலேயே இருக்கிறது: பாகங்களைக் கழற்றியபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டம். அது பாலிஸ்டைரீன், ஈரத்தை உறிஞ்சுவது மிகக் குறைவு. 10 செ.மீ. துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே உருட்டிக்கொண்டே காட்டுங்கள். பளபளத்துத் துவண்டதும் சுடரை விட்டு விலக்கி, ஒரு நொடி பொறுத்து, சீராக இழுங்கள். வேகமாக இழுத்தால் மெல்லிசாக வரும். மின்விசிறி ஓடவே கூடாது.

இடைவெளியை டிவைடரால் அளந்து, இழுத்த இழையை அந்த நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் துளி ஃபெவிகால். சூப்பர் குளூ வேண்டாம், ஈரக் காற்றில் சுற்றிலும் வெண்படலம் படியும். ஓர் இரவு காயட்டும். பிறகு ஊதுபத்திக் கங்கை 5 மி.மீ. தள்ளிப் பிடித்து, கம்பியின் நீளத்துக்கு ஒருமுறை நகர்த்துங்கள். வீணைத் தந்தி போல விறைக்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அறுந்துவிடும், முதலில் கழிவுத் துண்டில் பழகுங்கள்.

இந்தக் கம்பி பாரம் தாங்காது. கேமலின் மேல் இறக்கை நேர்தட்டையானது, கீழிறக்கை மட்டுமே நுனி உயர்ந்தது. அந்தக் கோணத்தைத் தூண்களே பிடிக்க வேண்டும்.