விரல்களால் ஆடும் ஆடு புலி ஆட்டம்

பார்வையற்றவர் ஆட்டப் பலகையை அறிவது இரு கைகளாலும் தடவித்தான் என்பதால், அவ்வாறு தடவும்போது காய்கள் நகர்ந்துவிடாதபடி அமைப்பதே அவர்களுக்காக ஆடு புலி ஆட்டப் பலகை செய்வதில் முதல் வேலை. அவர்களுக்கான சதுரங்கப் பலகையில் ஒவ்வொரு கட்டத்திலும் துளையிட்டுக் காய்களைச் செருகி வைப்பதும் இதற்காகவே.

ஏறத்தாழ 30 செ.மீ. அகலமுள்ள ஒட்டுப்பலகையில் ஆடு புலி ஆட்டத்தின் கோடுகளை வரைந்து, அவை சந்திக்கும் 23 புள்ளிகளிலும் துளையிட வேண்டும். பிறகு கோடுகளின் மேல் மெல்லிய சணல் கயிற்றைப் பசையால் ஒட்டி, துளையின் விளிம்புக்குச் சற்று முன்பாகவே அதை வெட்டிவிட வேண்டும். உச்சிப் புள்ளியின் அருகே கோடுகள் நெருங்கி விரலைக் குழப்பும். அங்கே படத்தின் அழகைச் சற்று விட்டுக்கொடுத்தேனும் கோடுகளை விரித்து வரைவதே என் பரிந்துரை.

15 ஆடுகளுக்கு வழவழப்பான மரக் குச்சிகளும், 3 புலிகளுக்கு உப்புத்தாள் சுற்றிய, சற்று உயரமான குச்சிகளும் போதும். நிறத்தால் மட்டும் வேறுபடுத்துவது பயன்படாது. எனினும், ஓரளவு பார்வை உள்ளவர்களும் ஆடக்கூடும் என்பதால் பளிச்சென்ற இரு நிறங்களைப் பூசலாம். வெட்டுப்பட்ட ஆடுகளுக்கு ஒரு கிண்ணம் வேண்டும்.

செய்தவரே கண்ணைக் கட்டிக்கொண்டு சோதிப்பது போதாது. தொட்டறிந்து பழகிய ஒருவரிடம் பலகையைக் கொடுத்து, அவர் விரல் தயங்கும் இடங்களைத் திருத்த வேண்டும்.