வடக்கு கானா கிராமத்தில் தாய்-சேய் நலக் கணக்கெடுப்பு: முதல்முறை போகிறவர்களுக்கு

போன உடனே படிவத்தோடு வீட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதலில் ஊர்த் தலைவரைப் பாருங்கள். கோலாக் கொட்டை (அங்கே மரியாதைக்குக் கொடுக்கும், மெல்லுகிற கொட்டை) கொடுத்து, வந்த காரியத்தைச் சொல்லி அனுமதி வாங்குவதுதான் அங்கே முறை. மழை மாதங்களைத் தவிருங்கள். பாதை சேறாகிவிடும், பெண்களும் வயலில் இருப்பார்கள்.

1. குடும்பங்களைப் பட்டியலிடுங்கள். மண்சுவர் சூழ்ந்த ஒரு வளவுக்குள் அண்ணன் தம்பி குடும்பங்கள், ஒருவருக்கே இரண்டு மனைவிகள் என்று பல அடுப்புகள் இருக்கும். கூரையை எண்ணாதீர்கள். ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். எல்லாவற்றுக்கும் எண் போட்டு, குலுக்கிப் போட்டு எடுங்கள். சாலையோர வீடுகளோடு நிறுத்தினால் கிளினிக்குக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் கதைதான் கிடைக்கும்.

2. தாயிடம் தனியாகப் பேசுங்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களிடம், அந்த ஊர் மொழி பேசும் ஒரு பெண் கேட்பது நல்லது. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரசவக் கதை கேட்காதீர்கள்.

"எத்தனை பிள்ளைகள்?" என்று மட்டும் கேட்டால் கணக்கு குறையும். பாட்டி, அத்தை வீட்டில் பிள்ளையை வளர விடுவது அங்கே சகஜம். எனவே உங்களோடு இருக்கும் மகன்கள், மகள்கள், வேறு இடத்தில் இருப்பவர்கள் என்று பிரித்துக் கேளுங்கள். கடைசியாக, "பிறந்து ஒரு தடவையாவது அழுது, பிறகு இறந்த குழந்தை உண்டா?" இதைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பேனாவைக் கீழே வைத்துவிடுவது என் வழக்கம்.

3. வயது. முழு வேலையும் சறுக்குவது இங்கேதான். முதலில் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். அது இல்லையென்றால் ஊர் நாட்காட்டி ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள்: ரமலான், தினை அறுவடை, ஷியா கொட்டை (கொழுப்பு எடுக்கும் மரக்கொட்டை) பொறுக்கும் காலம், 2024 டிசம்பர் 7 தேர்தல். "தேர்தலுக்கு முன்னாடியா, பின்னாடியா? அப்போது அறுவடை முடிந்திருந்ததா?" என்று நெருக்கிக்கொண்டே வாருங்கள். தெற்கே அக்கான் இன மக்களிடம், பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவதால், பெயரே உதவும். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்தவன் (ஐ.நா. முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிதான்). அட்டையில் உள்ள தேதி செவ்வாயில் விழுந்தால் மறுபடி விசாரியுங்கள்.

4. ஊட்டக்குறைவை அளவெடுங்கள். 6 முதல் 59 மாதக் குழந்தைக்கு இடது மேல்கைச் சுற்றளவு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் குறியிட்டு, கையைத் தொங்கவிட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் போட்ட அளவு நாடாவை இறுக்காமல் சுற்றுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு (கடும் ஊட்டக்குறைவு), அதிலிருந்து 12.5க்குள் மஞ்சள். பிறகு இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்துங்கள். இரண்டிலும் குழி தங்கினால் அது வீக்கம். நாடா பச்சை காட்டினாலும் ஆபத்துதான். சிவப்போ வீக்கமோ வந்தால், எழுதிக்கொண்டதோடு நகர்ந்துவிடாமல் அன்றே கிளினிக்குக்குச் சீட்டு எழுதி அனுப்புங்கள்.

5. ஊரை விட்டுக் கிளம்புமுன் படிவங்களைப் புரட்டுங்கள். வயதுகள் 12, 24, 36 மாதம் என்றே குவிந்திருந்தால் யாரோ குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார்கள். நாட்காட்டியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை அந்த வீடுகளுக்கே திரும்பப் போங்கள்.