வயசான ஹீரோ கதையில் செய்யக்கூடாத தவறுகள்

வேலூர் பக்கத்தில் கதை எழுதும் தம்பிகளிடமிருந்து படிக்க வருகிறவற்றில் ரிட்டயர் ஆன பெரியவர் தனியாளாக ஒரு கும்பலை எதிர்க்கும் கதை அடிக்கடி வருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கரு, அதனாலேயே அது வீணாகும்போது மனசு கேட்பதில்லை.

பெரிய தவறு, வயசைத் தலைமுடியோடு நிறுத்திவிடுவது. முதல் காட்சியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறவர் சண்டையில் பத்துப் பேரைப் பறக்கவிட்டால், அந்த முட்டி வலி எங்கே போனது? ‘இந்தியன்’ சேனாபதிக்கு வர்மக்கலை கொடுத்தார்கள், பலம் குறைந்த கைக்கும் அது பொருந்தியது. ‘ஜெயிலர்’ முத்துவேல் பாண்டியனுக்குப் பழைய தொடர்புகள் ஆள்பலமாக வந்து நிற்கின்றன. உங்கள் ஹீரோ தொரப்பாடி ஜெயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றால் அவருக்கு என்ன இருக்கிறது என்று முதலில் முடிவு பண்ணுங்கள். மண்டித் தெருவில் விடியற்காலையில் சரக்கு இறக்கும் நேரம், லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் நுழையும் சந்து, அவர் அங்கே போய் நிற்கிறார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைக்கிறார், பத்துப் பேர் வந்தாலும் இனி ஒவ்வொருவராகத்தான் வர முடியும். இரண்டாவது ஆளை அடித்ததும் மூச்சு வாங்குகிறது, லாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதை ஸ்லோமோஷன் போட்டு மறைக்காதீர்கள், அந்த மூச்சு வாங்கல்தான் காட்சியே.

அடுத்தது கும்பல். ஒரு வில்லன், கூட நாலு தடியர்கள், ஒரு குடோன் என்று எழுதினால் அது கும்பலே இல்லை. நம்ம பக்கத்துச் செம்மரக் கடத்தலையே எடுங்கள். மரம் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் இருக்கிறது, வெட்டப் போவது ஜவ்வாது மலை மாதிரி இடங்களின் கூலி ஆட்கள், அவர்களைக் கூட்டிப் போக ஏஜென்ட், கட்டையை ஏற்ற டிரைவர், பணம் போடுகிறவர் வேறு யாரோ. 2015 ஏப்ரலில் அந்தக் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுச் செத்த 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள், அதில் பலர் பழைய வட ஆற்காட்டோடு இருந்த திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். பணம் போட்டவன் அந்தக் காட்டுக்குள் கால் வைத்திருக்கவே மாட்டான். அப்படியிருக்க ஹீரோ மரம் வெட்டியவனைப் புரட்டி எடுப்பதைக் காட்டிவிட்டு விசில் எதிர்பார்ப்பது எனக்குச் சம்மதமே இல்லை. அவனிடம் உட்கார்ந்து பேசி, ஏஜென்ட் பெயரை வாங்கி, அங்கிருந்து மேலே போகட்டும், கதையும் தானாக நீளும்.

மகளையோ பேத்தியையோ கொன்றுதான் அவருக்குக் கோபம் வரவைக்க வேண்டும் என்பதும் வேண்டாம். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

அப்புறம் சட்டம். இத்தனை அடிதடிக்குப் பிறகும் வாசலில் ஒரு போலீஸ்காரர்கூட வந்து நிற்காத கதைகள் நிறைய. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றால் அரசு ஓய்வூதியத்தையே நிறுத்தலாம் என்று விதி இருக்கிறது. வீட்டில் அந்தப் பணத்தில் மாத்திரை வாங்கும் மனைவி இருந்தால், கை ஓங்குவதற்கு முன் அவர் ஒரு நொடி யோசிப்பார், அந்த ஒரு நொடியைக் கட்டாயம் எழுதுங்கள்.